பெங்களூரில் நாயோடு தெருவில் இறங்குகிறீர்களா? அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்காமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “ஒண்ணும் பண்ணாதுங்க.” பெங்களூரில் இதையே “ஏனு மாடல்லா” என்று கன்னடத்திலும், “குச் நஹீ கரேகா” என்று இந்தியிலும் தினமும் கேட்கலாம். சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் எதிரில் நிற்பவருக்கு உங்கள் நாயின் ஜாதகம் எப்படித் தெரியும்? அவர் கண்ணில் படுவது பல் மட்டும்தான். 2023 ஜனவரியில் ஹைதராபாத்தில், சாப்பாடு கொண்டுவந்த டெலிவரி இளைஞர் ஒருவர், பாய்ந்து வந்த வளர்ப்பு நாய்க்குப் பயந்து ஓடி, மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து உயிரை விட்டார். பயத்துக்கே அவ்வளவு பலம் உண்டு.

ஆகவே ஒதுங்க வேண்டியது நாயோடு வருபவர்தான், பயப்படுகிறவர் ஒதுங்கட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான். வேலைக்கு வந்து வைட்ஃபீல்டு, பெல்லந்தூர், எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மென்ட்களில் குடியேறிய நம்மவர்களுக்கு லிஃப்ட்தான் போர்க்களம். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் தலைமுறைகளாக இருப்பவர்களுக்குத் தெருவாசலும் கோலமும். இரண்டு பக்கமும் பார்த்துவிடலாம்.

1. கதவைத் திறக்கும் முன்

முதலில் ஊசி. ரேபிஸ் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாத வயதில் தொடங்கும். அப்புறம் டாக்டர் சொல்லும் நாளில் பூஸ்டர், அதற்குப் பிறகு வருடா வருடம். டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ போன்ற மற்ற தொற்று நோய்களுக்கெல்லாம் தனி ஊசி வரும். குட்டிக்கு முதல் கட்ட ஊசிகள் முடிந்து ஒன்றிரண்டு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்க வேண்டாம். ஊசிப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது சந்தேகம் கிளப்பினால், பத்து வரி விளக்கத்தைவிட அந்தப் போட்டோ வேலை செய்யும்.

வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் உண்டு. 2025 செப்டம்பரில் பழைய பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் வீடு எதில் வருகிறது என்று பார்த்து அங்கே விசாரியுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் பொறித்த வில்லை ஒன்று கட்டாயம் தொங்க வேண்டும். நாயின் பெயர் அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நம்பர் இருக்கட்டும்.

லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்தும் கயிறு, நான்கிலிருந்து ஆறு அடிக்குள் போதும். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் சுருள் லீஷ் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும், நம் தெருக்களுக்கு ஆகாது. நாய் பதினைந்து அடி தள்ளி நடுரோட்டில் நிற்கும், நீங்கள் நடைபாதையில் நிற்பீர்கள், நடுவில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கயிறு. வருகிற ஸ்கூட்டர்காரர் என்ன செய்வார்? இரும்புச் சங்கிலியும் வேண்டாம், நாய் இழுத்தால் உங்கள் கைதான் கிழியும். அகலமான நைலான் அல்லது பருத்திப் பட்டை நல்லது. இழுக்கிற நாய்க்குக் கழுத்தைவிட மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் பாதுகாப்பு. லீஷின் வளையத்துக்குள் கையை விட்டு உள்ளங்கையில் பிடியுங்கள். விரலில் சுற்றிக்கொண்டால், ஒரு பூனை குறுக்கே ஓடும் நாளில் விரல் முறியும்.

கட்டளைகள் மூன்று போதும்: வா, உட்கார், விடு. எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் அப்பா “வா”, பிள்ளை “கம்”, பாட்டி “இங்க வாடா கண்ணா” என்று ஆளுக்கொன்று சொன்னால் நாய் மூன்றையும் காதில் போட்டுக்கொள்ளாது.

என்ன இனம் என்பதையும் யோசிக்க வேண்டும். ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களுக்குத் தடை சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசின் சுற்றறிக்கை வந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆக, வளர்க்கலாம். அதற்காக அலட்சியமாக இருக்க முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291ன்படி, நம் விலங்கால் அடுத்தவருக்கு ஆபத்து வரும் அளவுக்குக் கவனமில்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்ப்பாசத்தில் சிப்பிப்பாறையோ கன்னியோ வாங்கிவந்து பத்தாவது மாடியில் வளர்ப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவை முயல் விரட்டப் பிறந்தவை. கண்ணில் அசைவது பட்டால் கால் தானாக ஓடும், உங்கள் குரல் அப்புறம்தான் காதில் ஏறும். கப்பன் பார்க்கில் அணிலும், உள்ரோட்டில் பைக்கும் அவற்றுக்கு ஒன்றுதான். ராஜபாளையத்துக்கு வேறு குணம்: வீட்டாள் ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும், அந்நியரை நம்பாது. இந்த நாய்களுக்கு லீஷ் இல்லாத நடை என்பதே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. லிஃப்டும் படிக்கட்டும்

சட்டம் உங்கள் பக்கம்தான். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது, தனிக் கட்டணம் வாங்க முடியாது, வாய்ப்பூட்டு போடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. அதே தாள், பொது இடத்தில் லீஷ் போடுங்கள், கழிவை அள்ளுங்கள் என்று நாய்க்காரர்களையும் கேட்டுக்கொள்கிறது. சங்கக் கூட்டத்தில் முதல் பாதியை மட்டும் படித்துக்காட்டி ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் லிஃப்டில் யாரும் அவர்களிடம் பேசுவதில்லை.

லிஃப்டில் செய்ய வேண்டியது இதுதான். கதவு திறக்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். திறந்ததும் நாய் முதலில் மூக்கை நுழைக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் வெளியே வரட்டும். யாராவது உள்ளேயே இருந்தால், “நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பயப்படுகிறவர்களில் பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவே மாட்டார்கள், மூலையில் ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பார்கள். “பரவாயில்ல, வாங்க” என்றால் ஏறுங்கள். நாயை மூலையில் உட்காரவைத்து, அதற்கும் ஆட்களுக்கும் நடுவில் உங்கள் கால்களை வையுங்கள். லீஷ் கையில் குட்டையாக இருக்கட்டும். பெரிய நாயாக இருந்து, வீடு மூன்றாவது மாடிக்குள் என்றால் காலை நெரிசலில் படியே மேல்.

வீட்டு வாசலிலும் இதே ஒழுங்கு வேண்டும். காலிங் பெல் அடித்ததும் நாயை அறைக்குள் விட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, பிறகு வாசல் கதவைத் திறங்கள். டெலிவரிக்கு வரும் பையன் இருபது மாடி ஏறி இறங்கும் அவசரத்தில் இருப்பான். உங்கள் லேப்ரடார் அன்பாகத்தான் பாய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவனுக்கு நேரமில்லை.

இன்னொன்று. நாயால் அதிகம் கஷ்டப்படுவது வாட்ஸ்ஆப்பில் புகார் எழுதும் 704ஆம் நம்பர் வீட்டுக்காரர் என்று நாம் நினைக்கிறோம். அவருக்காவது வாய் இருக்கிறது. லிஃப்டுக்குள் உங்கள் நாய் போன மூத்திரத்தைத் துடைப்பது ஹவுஸ்கீப்பிங் அக்கா. பேஸ்மென்ட் தூணில் தினம் காய்ந்து கிடப்பதைக் கழுவுவதும் அவர்தான். புகார் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பேசாமல் இருப்பார். அவசரத்தில் நாய் லிஃப்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் நீங்களே துணி எடுத்துத் துடையுங்கள். “ஆள் இருக்காங்களே” என்று நகர்வதுதான் இந்த நகரத்தில் நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தப்புகளிலேயே எனக்குக் கோபம் வரவைப்பது.

3. தெரு

ஆண் நாய் காலைத் தூக்கும் முன் ஒரு இடத்தை மோந்து, அரை வட்டம் சுற்றி, பக்கவாட்டில் நிற்கும். அந்த இரண்டு விநாடிதான் உங்கள் கையில் இருப்பது. அதற்குள் “விடு” என்று சொல்லி நகர்த்திவிட்டால் ஒரு சண்டை மிச்சம்.

எங்கே நகர்த்த வேண்டும் என்றால்: வாசல் கோலம், கேட், துளசி மாடம், கடை ஷட்டர், பூக்காரம்மா கூடை, காய்கறி வண்டிச் சக்கரம். பைக் டயரும் இதில் சேரும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும் வண்டி அது, உரிமையாளருக்கு வலிக்கும். காலை ஐந்தரை ஆறு மணிக்கு நடப்பவர்கள் கவனிக்க வேண்டியது பால் கிரேட். நந்தினி பால் பாக்கெட் நிரம்பிய கிரேட்கள் கடை திறக்கும் முன் நடைபாதையிலேயே அடுக்கியிருக்கும், சரியாக நாயின் கால் உயரத்தில். கடைக்காரர் வெறும் தண்ணீர் என்று நினைத்து அதைத் துடைத்து எடுத்துக் கொடுப்பார். வாங்கிப்போகிறவர் வீட்டில் குழந்தை இருக்கும். கிரேட் கண்ணில் பட்டால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

எப்படித் தவிர்ப்பது? வீட்டை விட்டு வந்ததும் அவசரமாக ஒரு காலி மண்தரைக்கோ புல் ஓரத்துக்கோ கூட்டிப்போய், முதல் மூத்திரத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். தினமும் அதே இடம் என்றால் சில வாரங்களில் பழகிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவசரத்தில் வருவதில்லை, ‘நான் வந்தேன்’ என்று கையெழுத்துப் போடுவது, அதனால் தடுத்தாலும் நாய்க்குக் கஷ்டமில்லை. கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். தவறி எங்காவது போய்விட்டால் உடனே ஊற்றுங்கள். லெப்டோ கிருமி மூத்திரத்தில்தான் பரவுகிறது, மழைக்காலத்தில் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

எதிரே ஆள் வரும்போது அவர் முகத்தைவிடக் காலைப் பாருங்கள். நடை தயங்கினாலோ, ரோட்டில் இறங்கப் பார்த்தாலோ, பையைக் குறுக்கே பிடித்தாலோ பயப்படுகிறார் என்று அர்த்தம். நீங்கள் முந்திக்கொண்டு ஓரமாக நின்று, நாயைச் சுவர்ப்பக்கம் உட்காரவையுங்கள். இங்கே நடைபாதை என்பது பாதி இடத்தில் மூடி இல்லாத சாக்கடைக் கல், மீதி இடத்தில் டிரான்ஸ்பார்மர். அவரை ரோட்டில் இறக்கிவிட்டால் பஸ்ஸுக்கு முன்னால் இறக்கிவிட்ட மாதிரிதான். “நீவு ஹோகி” என்று வழிவிட்டால் போதும். “ஹெதரபேடி, ஹிட்கொண்டித்தீனி”, அதாவது பயப்படாதீங்க, பிடிச்சிருக்கேன் என்றும் சொல்லலாம். இது உங்கள் கையைப் பற்றிய உறுதி, நாயின் குணத்தைப் பற்றியது அல்ல. அதனால்தான் நம்புவார்கள்.

குளித்துக் கோயிலுக்குப் போகிறவர்களும் தொழுகைக்குப் போகிறவர்களும் நாயின் எச்சில் மேலே படக்கூடாது என்று நினைப்பார்கள். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தெருவிலோ, ஃப்ரேசர் டவுன் மசூதிப் பக்கமோ நடக்கிறீர்கள் என்றால், அந்த நேரத்துக்கு வேறு தெருவைப் பிடியுங்கள். ‘அன்பான பிராணிதானே’ என்று வாதாட அது இடமில்லை. அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலைப் பக்கம் காலையில் கைத்தடியோடு நடக்கும் பெரியவர்களுக்கும் இதே மரியாதை. நாய் அவர்களைக் கடிக்க வேண்டாம், லீஷ் காலில் சிக்கினாலே இடுப்பெலும்பு போய்விடும்.

4. அள்ளுவது

இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. “நாட்டு நாய் போறத யார் அள்றாங்க?” என்று கேட்பவர்கள் உண்டு. தெருநாய்க்கு வீட்டுக்காரர் இல்லை, உங்கள் நாய்க்கு இருக்கிறார். மண்ணில் மக்கிப் போகும் என்பதும் தப்புக் கணக்கு. நாய் மலத்திலிருந்து வரும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு வெறுங்காலில் தோல் வழியாகவே ஏறும். பார்க் மணலில் விளையாடும் குழந்தைகளுக்கும், செருப்பில்லாமல் தோட்டவேலை செய்பவருக்கும்தான் இவை வந்து சேரும். பார்வோ கிருமி மாதக்கணக்கில் மண்ணில் இருக்கும், அடுத்த வீட்டுக் குட்டியை அது கொன்றுவிடும்.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் பெரும்பாலான நாய்கள் கக்கா போகும். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் சோறு வைத்தால், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பாதித் தொல்லை இதில் தீர்ந்துவிடும்.

செய்முறை. பழைய செய்தித்தாளைக் கால் பக்கமாகக் கிழித்து, மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் முதுகை வளைத்து உட்காரும்போது பின்னாலிருந்து தாளை மெல்ல நீட்டினால் தரையில் படாமலே விழும். முதல் சில நாள் நாய் திரும்பி உங்களை விசித்திரமாகப் பார்க்கும், அப்புறம் கண்டுகொள்ளாது. தாள் நீட்ட முடியாத நாய்க்குப் பை. கர்நாடகத்தில் 2016லிருந்தே பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, அதனால் மக்கும் பை வாங்குங்கள். பையைக் கையுறை போல உள்ளே கைவிட்டு மாட்டி, அள்ளி, அப்படியே உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, முடிச்சுப் போடுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் மேலே இரண்டு கை மண் தூவி, அரை நிமிடம் விட்டு, தாளால் வழித்து எடுத்து, தண்ணீர் ஊற்றுங்கள். வாடை ஒரு பிரச்சினைதான். மறுக்கவில்லை.

அள்ளியதை எங்கே போடுவது என்பதில்தான் படித்தவர்களே கோட்டை விடுகிறார்கள். மோரியில் தள்ளாதீர்கள். தெருவோர மோரி, ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்குப் போகும், ராஜகாலுவே ஏரிக்குப் போகும். முடிச்சுப் போட்ட பையை மரத்தடியில் வைத்துவிட்டு “வரும்போது எடுத்துக்கலாம்” என்று போவது அதைவிட மோசம், வரும்போது யாரும் எடுப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், தாளில் அள்ளியதை மட்டும் டாய்லெட்டில் உதறிக் கொட்டி ஃப்ளஷ் செய்வது சுத்தமான வழி. இல்லையென்றால் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே சிவப்பு மார்க்கரில் பெருக்கல் குறி போட்டு, நாப்கின் டயப்பர் போகும் பையில் தனியாகக் கொடுங்கள். ஈரக் குப்பைத் தொட்டியில் போட்டால், அதைக் கையால் கிளறிப் பிரிக்கும் பௌரகார்மிகருக்கு (மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்) நீங்கள் செய்யும் துரோகம் அது. மாடித்தோட்ட உரக்குழியிலும் வேண்டாம். வீட்டு உரக்குழியின் சூட்டுக்குப் புழு முட்டை சாகாது, கீரை அதில்தான் முளைக்கும்.

நாய் நடத்த ஆள் வைத்திருப்பவர்கள், கையில் பேப்பரும் பையும் கொடுத்து அனுப்புகிறீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒரே பையன் நாலு நாயை இழுத்துக்கொண்டு போகும்போது எதை அள்ளுவான்? சம்பளத்தில் நூறு ரூபாய் கூட்டி, இரண்டு நாய்க்கு மேல் சேர்த்துக் கூட்டிப்போகாதே என்று சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பதும் அடுத்தவருக்குச் செய்யும் மரியாதையில் சேர்த்திதான்.

5. தொட வரும் கை, முறைக்கும் நாய்

குழந்தைகள் ஓடிவரும். “ஆன்ட்டி, தொடலாமா?” என்று கேட்கிற குழந்தைக்குப் பதில் சொல்வது சுலபம், கேட்காமல் ஓடிவருவதுதான் கஷ்டம். குறுக்கே நீங்கள் நின்றுகொண்டு, உள்ளங்கையைக் காட்டி நிறுத்துங்கள். “முட்டபேடி” என்றால் கன்னடம் பேசும் குழந்தைக்குப் புரியும். பெற்றோர் சம்மதித்து, நாயும் தளர்வாக இருந்தால், குழந்தையைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, தாடைக்குக் கீழோ மார்பிலோ தடவச் சொல்லுங்கள். தலைக்கு மேலே கை வருவது நாய்க்குப் பிடிக்காது. வால் ஆடுகிறதே என்று நம்பிவிட முடியாது: விறைத்து உயர்ந்த வாலும் ஆடும். உதட்டை நக்குவது, தேவையில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் ‘போதும்’ என்பதற்கு அடையாளம். அப்போது குழந்தையிடம், “அவனுக்குத் தூக்கம் வருது, நாளைக்குப் பாக்கலாம்” என்று சொல்லிவிடலாம். இந்தப் பொய்க்குப் பாவமில்லை.

எதிரே இன்னொரு வளர்ப்பு நாய் வந்தால், “உங்களுது பழகுமா?” என்று தூரத்திலிருந்தே கேளுங்கள். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் லீஷைத் தளர்த்தி, மூன்று விநாடி மோந்து பார்க்கவிட்டு நகருங்கள். முகத்துக்கு முகம் இழுத்துப் பிடித்து நிறுத்தினால் நல்ல நாயும் உறுமும். பருவத்துக்கு வந்த பெண் நாயை அந்த இரண்டு மூன்று வாரம் பார்க்குக்குக் கூட்டிப்போக வேண்டாம். இருமும் நாயையும்தான்.

தெருநாய் விஷயம் பெங்களூரில் தனிக் கலை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம், எல்லை மாறினால் சத்தம். காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்த நாய் என்று அறியலாம். அவை குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், கல்லுக்குக் குனியாதீர்கள். உங்கள் நாயை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, அதே வேகத்தில் எல்லையைத் தாண்டிவிடுங்கள். எல்லை தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும். பிஸ்கட் வீசிச் சமாதானம் செய்வது அன்றைக்குப் பலிக்கும். மறுநாளிலிருந்து அங்கே போகும் எல்லோரையும் அவை துரத்தி வந்து கேட்கும். சோறு போட ஆசை என்றால், 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி குடியிருப்போர் சங்கம் அதற்கென்று ஒதுக்க வேண்டிய இடத்தில், குழந்தைகள் விளையாடும் பகுதிக்கும் வாசலுக்கும் தள்ளி, போடுங்கள். குறித்த இடத்தில்தான் போட வேண்டும், தெருவில் கண்ட இடத்தில் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

6. பார்க்குகள்

லால்பாக்கில் நாய்க்கு அனுமதி கிடையாது. கப்பன் பார்க்கில் உண்டு, லீஷோடு. உள்ளே நாய்களுக்கென்று வேலி போட்ட இடமும் இருக்கிறது. இந்தச் சலுகை கல்லில் பொறித்ததில்லை. 2022ல் தோட்டக்கலைத் துறை கப்பன் பார்க்கில் வளர்ப்பு நாய்களைத் தடை செய்யப் பார்த்தது. காரணம், லீஷ் இல்லாமல் விடுகிறார்கள், அள்ளுவதில்லை என்ற புகார்கள். எதிர்ப்பு வந்ததால் கைவிட்டார்கள். ஒருவர் அள்ளாமல் விட்டால் ஊரில் உள்ள எல்லா நாய்க்கும் கேட் மூடும், அவ்வளவுதான் கணக்கு. வார்டு பார்க்குகளிலும் ஏரிக்கரைகளிலும் வாசல் பலகையைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி.

வேலி போட்ட இடத்துக்குள் லீஷைக் கழற்றலாம். ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்காரும் இடம் அதுவல்ல. பந்தும் தின்பண்டமும் சண்டைக்கு வேர், இரண்டையும் பையிலேயே வைத்திருங்கள். வீடு திரும்பியதும் காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி பாருங்கள்.

7. வண்டியில், ரயிலில், ஓட்டலில்

நம்ம மெட்ரோவில் நாயை ஏற்ற முடியாது. ஊபரில் செல்லப் பிராணிக்கென்று தனி வகை 2024ல் இங்கே வந்தது. ஆட்டோ என்றால் ஏறும்முன்பே சொல்லுங்கள், “நாயி இதே, பர்த்தீரா?” என்று. மறைத்துவைத்து கடைசி நிமிடத்தில் ஏற்றினால் டிரைவர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. சீட்டில் பழைய பெட்ஷீட் விரித்து, நாயைக் காலடியில் உட்காரவைத்து, இறங்கும்போது முடியைத் தட்டிவிட்டு, மேலே இருபது முப்பது கொடுத்தால் அடுத்த முறை அவரே நிறுத்துவார்.

பொங்கலுக்கு ஊருக்கு ரயிலில் கூட்டிப்போக வேண்டுமென்றால், ஏசி முதல் வகுப்பில் முழுக் கூபேயோ கேபினோ உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டிதான். ஸ்லீப்பரிலும், இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் அனுமதி இல்லை. டிடிஇயைச் சரிக்கட்டிப் போகலாம் என்று கிளம்பாதீர்கள், எதிர் பெர்த்தில் ஆஸ்துமாக்காரர் இருப்பார்.

நாய்களை அனுமதிக்கும் கஃபேக்களில் மூலை மேஜை, சொந்தக் கிண்ணம், மேஜைக்கடியில் ஒரு பாய். அவர்கள் தட்டில் ஊட்டாதீர்கள்.

கணேச சதுர்த்தி விசர்ஜனத்திலிருந்து தீபாவளி முடியும்வரை மாலை நடையை வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். பட்டாசுக்கு மிரண்ட நாய் பட்டையை உருவிக்கொண்டு நடுரோட்டில் ஓடினால் விழுவது பைக் ஓட்டுபவர்.

8. கடித்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் நடக்கலாம். அந்த நேரத்தில் “அவர்தான் வாலை மிதிச்சார்” என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள்.

முதலில் நாயை வேறு ஆளிடம் கொடுங்கள் அல்லது கம்பத்தில் கட்டுங்கள். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பல் லேசாகக் கீறியிருந்தாலும் கழுவுவதில் குறை வைக்கக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதுவும் வேண்டாம். கட்டுப் போட்டு இறுக்கவும் வேண்டாம். அப்புறம் நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி இலவசம். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28ஆம் நாட்கள். தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசியும் போட வேண்டியிருக்கும், அதை டாக்டர் சொல்வார். போனில் வைத்திருக்கும் ஊசிப் புத்தகப் போட்டோவைக் காட்டுங்கள். ஆனால் “என் நாய்க்கு ஊசி போட்டாச்சு, உங்களுக்குத் தேவையில்ல” என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

அன்றிலிருந்து பத்து நாள் நாயை வீட்டிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், நடத்தை எல்லாம் வழக்கம்போல் இருக்கிறதா என்று பார்த்து, கடிபட்டவருக்குத் தினமும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். ஏதாவது மாறுதல் தெரிந்தால் மிருக வைத்தியரிடமும், கடிபட்டவரிடமும், அவருடைய டாக்டரிடமும் அன்றே சொல்லிவிட வேண்டும். பதினோராம் நாள் நாய் நன்றாக இருந்தால் மீண்டும் நடைக்குக் கிளம்பலாம், இந்த முறை கூடை வடிவ வாய்ப்பூட்டோடு. ஏன் கடித்தது என்று ஒரு பயிற்சியாளரிடம் பேசித் தெரிந்துகொள்ளும்வரை அதைக் கழற்ற வேண்டாம்.